ஓப்பன் சோர்ஸுக்கு வருஷம் 6000 ராண்ட் ஒதுக்கிருக்கேன், யாருக்கு எப்படிக் குடுக்குறது?

கணக்குப்பிள்ளை_மிட்ராண்ட்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்ச விஷயம், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

நான் மதுரைப் பக்கம், ஜோபர்க் வந்து ஒம்பது வருஷம் ஆகுது. மிட்ராண்ட்ல வீட்டுலயே ஒரு ரூமை ஆபீஸா வச்சு சின்னக் கடைக்காரங்களுக்குக் கணக்கு எழுதிக் குடுக்குறேன், நானும் வீட்டுக்காரம்மாவும் மட்டும்தான். 2023-ல கரண்ட் கட் உச்சத்துல இருந்தப்போ ஒரு நாள் கரண்ட் திரும்பி வந்த வேகத்துல என் டெஸ்க்டாப் போயிருச்சு. புதுசு வாங்க அந்த மாசம் கையில காசு இல்ல, அலமாரியில ஒரு பழைய லேப்டாப் கெடந்துச்சு, அதுல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போட்டு, கணக்குக்கும் கடிதத்துக்கும் லிபர் ஆபீஸ், மெயிலுக்கு தண்டர்பேர்ட், பாஸ்வேர்டுக்கு கீபாஸ்எக்ஸ்சி எல்லாம் ஏத்தி ரெண்டே நாள்ல வேலைய திரும்ப ஆரம்பிச்சேன். பிப்ரவரி கடைசின்னா இங்க வரி வருஷம் முடியுற நேரம், எங்க தொழில்ல மூச்சு விட முடியாது, அந்த சீசன் முழுக்க அந்த லேப்டாப்ல தான் ஓடுச்சு. இன்னைக்கு வரைக்கும் அதே செட்டப். எல்லாமே ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரல யாரு வேணா பாக்கலாம், மாத்தலாம், காசு குடுக்காம பயன்படுத்தலாம். அதுக்காக யாருக்கும் இதுவரை பத்து காசு குடுத்ததில்ல.

இதுக்கும் முன்னாடி ஒரு பழைய கடன் இருக்கு. 2008-ல காலேஜ்ல படிக்கும்போது உபுண்டுங்குற லினக்ஸ் சிடி தபால்ல வந்துச்சு. ஞாபகம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், வெப்சைட்ல விலாசம் குடுத்தா போதும், தபால் செலவு கூட வாங்காம வீட்டுக்கே அனுப்பினாங்க, 2011-ல தான் நிறுத்தினாங்க. ஹாஸ்டல்ல நெட் வேகம் இல்லாத காலம், அந்த ஒரு சிடிய பன்னெண்டு பேர் மாத்தி மாத்தி போட்டுக்கிட்டோம். அந்த உபுண்டுவ 2004-ல ஆரம்பிச்ச மார்க் ஷட்டில்வொர்த் இந்த நாட்டுக்காரர், வெல்காம்ல பொறந்தவர்னு எனக்கு இங்க வந்த பொறவுதான் தெரியும். உபுண்டுங்குற சொல்லே இங்க உள்ள ஜூலு, கோசா பாஷைச் சொல்லுன்னும் அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. இந்த ஊரு ரோட்டுல போகும்போது அது ஞாபகம் வந்தா மனசுக்குள்ள என்னமோ பண்ணும்.

ஊர்ல கல்யாணத்துக்கு மொய் எழுதின நோட்ட எங்க அம்மா இன்னமும் பீரோல வச்சிருக்காங்க, யாரு எவ்வளவு செஞ்சாங்க, நாம யாருக்கு இன்னும் செய்யல, எல்லாம் அதுல இருக்கும். எனக்கு செஞ்சவங்க லிஸ்ட்ல இந்த சாப்ட்வேர் எழுதினவங்க பேரு வருஷக்கணக்கா இருக்கு, எதிர்ப்பக்கம் காலியா இருக்கு. அதனால வீட்ல பேசி மாசம் 500 ராண்ட், வருஷத்துக்கு 6000 ஒதுக்கிருக்கோம். டாலர்ல பாத்தா 300-க்கு மேல வரும்.

இப்ப என் கேள்வி. ஒரே ப்ராஜெக்ட்டுக்கு மொத்தமா குடுக்குறதா, பத்து இடத்துக்குப் பிரிக்குறதா? மாசாமாசமா, வருஷத்துக்கு ஒரு தடவையா? பெரிய பேரு உள்ளதுக்கா, யாருக்கும் தெரியாத சின்னதுக்கா? நீங்க எப்படி முடிவு பண்றீங்கன்னு உங்க சொந்த வழக்கத்த சொல்லுங்க.

வரி பத்தி யாரும் கவலைப்பட வேணாம், அது என் தொழில். வரிக்கழிவு கெடைக்கணும்னா நன்கொடைக்கான 18ஏ சர்டிபிகேட் தர்ற, இங்க வரித்துறையான சார்ஸ் அங்கீகாரம் இருக்கிற அமைப்புக்குக் குடுத்திருக்கணும், அதுவும் வரிக்குட்பட்ட வருமானத்துல பத்து சதவீதம் வரைக்கும்தான். பெர்லின்லயும் நியூயார்க்லயும் இருக்கிற பவுண்டேஷனுக்குக் குடுக்குறதுக்கு இங்க கழிவு கெடையாது. அது தெரிஞ்சுதான் குடுக்குறேன்.

கேப்டவுன்_கதிர்:

அண்ணே வணக்கம். நான் ஏழெட்டு வருஷமா குடுத்துட்டு வர்றேன், ஆரம்பத்துல செஞ்ச தப்ப மொதல்ல சொல்றேன். பதினஞ்சு ப்ராஜெக்ட்டுக்கு மாசம் ரெண்டு ரெண்டு டாலர்னு பேபால்ல போட்டு வச்சிருந்தேன், மனசுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பேபால் சதவீதம் போக ஒவ்வொரு தடவைக்கும் தனியா ஒரு கட்டணம் புடிக்கும், ரெண்டு டாலர் அனுப்பினா கிட்டத்தட்ட கால்வாசி வழியிலயே போயிடும், அதுக்கு மேல நம்ம பேங்க் வெளிநாட்டுப் பணம்னு சொல்லி அது ஒரு பங்கு எடுக்கும். ஒரு வருஷம் கழிச்சு கணக்குப் பாத்தப்போ நான் நெனச்ச ஆளுங்களுக்குப் போய்ச் சேராத காசே நல்ல தொகை. அதே 24 டாலர வருஷத்துக்கு ஒரே தடவையா அனுப்பினா அந்த நிலையான கட்டணம் ஒரு தடவைதான். அதனால என் வழக்கம், டிசம்பர்ல ஒரு நாள் உக்காந்து மொத்தமா அனுப்புறது.

எந்த வழியா போனா என்ன கழியுதுன்னு தெரிஞ்சுக்குங்க. கிட்ஹப்னு சாப்ட்வேர் நிரல வச்சுப் பகிர்ற தளம் இருக்கு, அதோட ஸ்பான்சர்ஸ்ல நீங்க உங்க சொந்த அக்கவுண்ட்லருந்து குடுத்தா கிட்ஹப் கமிஷன் எடுக்குறதில்ல, முழுசா போகும். லிபராபே பிரான்ஸ்ல இருக்கிற லாப நோக்கமில்லாத அமைப்பு, அவங்களும் தனக்குன்னு எடுக்க மாட்டாங்க, கார்டு கட்டணம் மட்டும் போகும். ஓப்பன் கலெக்டிவ்ங்குற நன்கொடை தளத்துல, ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ்ங்குற அமைப்பு வழியா போற ப்ராஜெக்ட்னா பத்து சதவீதம் அவங்களுக்கு, ஆனா அதுக்குப் பதிலா கணக்கு வழக்கு, சட்ட வேலையெல்லாம் அவங்க பாத்துக்குறாங்க, வரவு செலவு ஒவ்வொரு வரியும் எல்லாரும் பாக்குற மாதிரி வெளியில இருக்கும். கணக்குப்பிள்ளைக்கு அது புடிக்கும்னு நெனைக்கிறேன்.

அடுத்தது, நாம குடுக்குற காசு நாம நெனக்கிற சாப்ட்வேருக்குத்தான் போகுதான்னு பாக்கணும். நெறையப் பேருக்குத் தெரியாது, மொசில்லா பவுண்டேஷனுக்கு டொனேட் பண்ணினா அது ஃபயர்ஃபாக்ஸ் எழுதுறதுக்குப் போகாது, ஃபயர்ஃபாக்ஸ உருவாக்குறது தனியா இருக்கிற மொசில்லா கார்ப்பரேஷன், பவுண்டேஷன் காசு வேற நல்ல வேலைகளுக்குப் போகுது. தண்டர்பேர்ட் அப்படி இல்ல, அது முழுக்கவே பயன்படுத்துறவங்க காசுல ஓடுறது. அவங்களே போட்ட கணக்குப்படி 2022-ல 64 லட்சம் டாலர் டொனேஷன் வந்திருக்கு, அதுக்கு அடுத்த வருஷம் அதவிடக் கூட. காரணம் ரொம்ப சிம்பிள், 2022 கடைசியில சாப்ட்வேருக்குள்ளயே ஒரு பக்கம் போட்டு கேட்டாங்க, ஜனங்க குடுத்தாங்க. அதனால தண்டர்பேர்டுக்கு குடுக்க வேணாம்னு சொல்லல, ஆனா கேக்கத் தெரிஞ்சவங்களுக்கு வருது, கேக்காதவங்களுக்கு வர்றதில்ல, அதுதான் என் மனச உறுத்துறது.

ஹார்ட்பிளீட் ஞாபகம் இருக்கா? 2014 ஏப்ரல். உலகத்துல பாதி வெப்சைட்டுக்கு மேல நம்பியிருந்த, நெட்ல போற தகவல பூட்டிப் பாதுகாக்குற ஓப்பன்எஸ்எஸ்எல்ல ஒரு ஓட்டை. அந்த நேரத்துல தான் வெளிய வந்துச்சு, அந்த ப்ராஜெக்ட்டுக்கு வருஷத்துக்கு வந்த டொனேஷன் சுமார் 2000 டாலர் தான்னு. பேங்க், ஆஸ்பத்திரி, கவர்மென்ட் எல்லாம் அது மேல ஒக்காந்திருக்கு, அதுக்கு வர்ற காசு ஒரு ஆளோட ஒரு மாச சம்பளத்துக்குக் கூட காணாது. அந்தக் கத கேட்ட பொறவுதான் நான் குடுக்க ஆரம்பிச்சதே.

உங்க உபுண்டு கடனுக்கு ஒரு வழி சொல்றேன். மின்ட் உபுண்டு மேல நிக்குது, உபுண்டு டெபியன்ங்குற இன்னொரு லினக்ஸ் மேல நிக்குது. உபுண்டுவுக்குப் பின்னாடி ஒரு கம்பெனி இருக்கு, டெபியனுக்குக் கம்பெனி கெடையாது, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள். 2016 ஜூலைல டெபியன் மாநாடு இங்க கேப்டவுன் யுனிவர்சிட்டில தான் நடந்துச்சு, நான் அப்ப புதுசா வேலைக்கு வந்த பையன், ரெண்டு நாள் லீவு போட்டு போயிருந்தேன். எங்கெங்கருந்தோ வந்தவங்க, யாரு எந்த பேக்கேஜ பாத்துக்குறாங்கன்னு நேர்ல பாத்தப்போ எனக்குப் பேச்சே வரல. டெபியனுக்கு சாப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரஸ்ட்ங்குற அமைப்பு மூலமா குடுக்கலாம்.

சேண்ட்டன்_செல்வி:

கதிர் சொன்னது எல்லாம் சரி, ஆனா 6000 ராண்ட் நம்ம பாக்கெட்லருந்து போறதுக்கு முன்னாடி இன்னொரு பாக்கெட் இருக்குன்னு சொல்ல வந்தேன்.

நான் சேண்ட்டன்ல ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல டெவலப்பர். எங்க சிஸ்டத்துல எண்ணூறு தொள்ளாயிரம் ஓப்பன் சோர்ஸ் பேக்கேஜ் ஓடுது, கம்பெனி ஒண்ணுக்கும் குடுத்ததில்ல. மூணு வருஷம் முன்னாடி மேனேஜர்கிட்ட "டொனேஷன் குடுக்கலாமா"ன்னு கேட்டேன், அது சமூகப் பணி டிபார்ட்மென்ட்டுக்குப் போகும், அங்க பள்ளிக்கூடம், கிளினிக்னு லிஸ்ட் ஏற்கனவே இருக்கு, அதுல போய் நான் சாப்ட்வேர் சொன்னா யாரு கேப்பா, அந்தக் குழந்தைங்களுக்குப் போறதத் தடுக்கவும் எனக்கு மனசில்ல. அடுத்த வருஷம் வேற மாதிரி போனேன். நாங்க ரொம்ப நம்பியிருக்கிற ஒரு லைப்ரரிய (மத்த சாப்ட்வேர் உள்ள எடுத்துப் பயன்படுத்துற நிரல்) பராமரிக்கிறவர்கிட்ட பேசி, வருஷாந்திர சப்போர்ட்னு அவர இன்வாய்ஸ் அனுப்பச் சொன்னேன். இன்வாய்ஸ் வந்துச்சு, சாப்ட்வேர் செலவு பட்ஜெட்ல போச்சு, பதினோரு நாள்ல பணம் போயிருச்சு. நான் தனியா பத்து வருஷம் குடுத்தாலும் அந்தத் தொகை வராது. கம்பெனிக்கு டொனேஷன்ங்குற சொல்லு தான் பிரச்சன, பில் வந்தா கட்டுறது அதுக்குப் பழகின வேலை.

அண்ணா நீங்க கணக்கு எழுதுறவர், உங்க கிட்ட வர்ற கடைக்காரங்க, சின்ன கம்பெனிங்க எத்தன பேரு லிபர் ஆபீஸ்லயும், வெப்சைட்ட வேர்ட்பிரஸ்லயும் ஓட்டுறாங்கன்னு உங்களுக்குத் தெரியும். வருஷக் கடைசியில "இதுக்கு ஒரு சின்னத் தொகை ஒதுக்குங்க"ன்னு நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க, கணக்குப்பிள்ளை சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. செலவா எப்படிக் காட்டலாம், எது காட்டக் கூடாதுன்னும் உங்களுக்குத்தான் தெரியும்.

செட்ஸ்வொர்த்_டீச்சர்:

வணக்கம். நான் டர்பன். எங்க கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர், 1860-ல இந்தியத் தொழிலாளர்கள ஏத்திக்கிட்டு மொதல்ல ட்ரூரோ கப்பல் வந்ததுக்குப் பின்னால வந்த கப்பல்கள்ல ஒண்ணுல. நாங்க வீட்ல இங்கிலீஷ் பேசி வளந்தவங்க, தமிழ் நான் சனிக்கிழமை வகுப்புல படிச்சது, இப்ப அதே வகுப்புல சொல்லிக் குடுக்குறேன். அதனால என் கண்ணுக்கு இந்தக் கேள்வி வேற மாதிரி தெரியுது, சொல்றேன்.

எங்க வகுப்புல நாற்பத்திரண்டு பிள்ளைங்க. பாடத்தாள் எல்லாம் நான் லிபர் ஆபீஸ்ல அடிச்சு நோட்டோ தமிழ் எழுத்துருவுல அச்செடுக்குறேன். இருபது வருஷம் முன்னாடி இது எவ்வளவு கஷ்டம்னு என் மாதிரி பழைய டீச்சர்களக் கேளுங்க, ஒரு கம்ப்யூட்டர்ல அடிச்சது இன்னொண்ணுல கட்டம் கட்டமா வரும், ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு தனிக் குறியீடு. "கொ" ன்னு ஒரு எழுத்த எடுத்துக்குங்க. அடிக்கும்போது க முதல்ல, கொம்பும் காலும் அப்புறம். ஆனா திரையில கொம்பு க-வுக்கு முன்னாடி வந்து நிக்கணும், கால் பின்னாடி. இந்த இடம் மாத்துற வேலைய செய்றது ஹார்ஃப்பஸ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி. ஃபயர்ஃபாக்ஸ், க்ரோம், ஆண்ட்ராய்டு போன், எல்லாத்துக்குள்ளயும் அதுதான் இருக்கு, லிபர் ஆபீஸும் 5.3 பதிப்புலருந்து எல்லா சிஸ்டத்துலயும் அதத்தான் பயன்படுத்துது. இந்த இழையில நீங்க எல்லாரும் எழுதினத நான் இப்ப ஒழுங்கா படிக்கிறேன்னா அதுக்கு அது காரணம். என் பிள்ளைங்கள்ல ஒருத்தருக்கும் அந்தப் பேரு தெரியாது, எனக்கே போன வருஷம் தான் ஒரு தம்பி சொல்லித் தெரியும்.

எங்க கோயில்ல காவடி நேரத்துல சமையல்கட்டுல நிக்கிறவங்க இருப்பாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து அரிசி களைவாங்க, பெரிய பாத்திரம் தேய்ப்பாங்க, ஆயிரக்கணக்கான பேர் சாப்பிட்டுப் போவாங்க. பலகையில பேரு வர்றது சாமிக்கு மாலை வாங்கிக் குடுத்தவங்க பேரு. ரெண்டு பேரும் வேணும், நான் ஒருத்தரையும் குறை சொல்லல. ஆனா என் கையில இருக்கிறது கொஞ்சம் தான்னா நான் அத சமையல்கட்டுக்குத்தான் குடுப்பேன்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், இது இங்க நெறையப் பேர் தெரியாம மாட்டிக்கிறது. தமிழுக்கான கட்டற்ற மென்பொருள் வேலை செய்ற அமைப்புகள் தமிழ்நாட்டுல இருக்கு, கணியம் அறக்கட்டளை மாதிரி. அவங்களுக்கு நேரா குடுக்கலாம்னு நமக்கு ஆசை வரும். உங்ககிட்ட இந்திய பாஸ்போர்ட் இருந்தா, நீங்க இங்க சம்பாதிச்ச சொந்தக் காச பேங்க் வழியா அனுப்பினா அது இந்தியச் சட்டத்துல வெளிநாட்டு நன்கொடை கணக்குல வராது. ஆனா என்ன மாதிரி தென்னாப்பிரிக்கக் குடியுரிமை உள்ளவங்க, இந்திய வம்சாவளிக்காரங்களுக்குத் தர்ற ஓசிஐ கார்டு வச்சிருந்தாலும், நாங்க குடுத்தா அது வெளிநாட்டு நன்கொடை தான், அத வாங்குற அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது இந்திய வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இருந்தே ஆகணும், இல்லாம வாங்கினா அவங்களுக்குத்தான் சிக்கல். அதனால அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்புங்க. ஆசையா குடுத்த காசு அவங்கள நோட்டீஸ் வாங்க வச்சிடக் கூடாது.

எனக்கு அந்த வழி இல்லாததால நான் வேற செய்றேன். வருஷம் 800 ராண்ட் டாக்குமென்ட் பவுண்டேஷனுக்கு, அதாவது லிபர் ஆபீஸ நடத்துற பெர்லின் அமைப்புக்கு. மீதி என் நேரம். வெப்லேட்னு ஒரு தளம் இருக்கு, அங்க லிபர் ஆபீஸோட தமிழ் மொழிபெயர்ப்பு நடக்குது, வாரம் ஒரு மணி நேரம் உக்காந்து பத்து இருபது வரி சரி பண்ணுவேன். இந்த நாட்டுலயே அதுக்கு முன்னோடி உண்டு, டிரான்ஸ்லேட்.ஓஆர்ஜி.ஸெட்ஏ காரங்க லிபர் ஆபீஸ் பிரிஞ்சு வந்த ஓப்பன் ஆபீஸ இங்க அப்ப இருந்த ஆட்சி மொழி பதினொண்ணுலயும் கொண்டு வந்தாங்க, அதுக்காக அவங்க எழுதின பூட்டில்ங்குற கருவிய உலகம் பூரா எத்தனையோ ப்ராஜெக்ட் பயன்படுத்துச்சு. தமிழ் இங்க ஆட்சி மொழி இல்ல, ஆனா அரசியலமைப்பு ஆறாவது பிரிவுல பேரு சொல்லி இருக்கு, வளர்க்கணும் மதிக்கணும்னு. அத யாராவது வந்து செய்வாங்கன்னு நான் காத்திருக்கல.

பிரிட்டோரியா_யாழ்:

வணக்கம் அண்ணை, வணக்கம் டீச்சர். நான் யாழ்ப்பாணம், பிரிட்டோரியாவுக்கு வந்து ஆறு வருஷம். இதில எல்லாரும் குடுக்கிற பக்கத்தில இருந்து கதைக்கிறீங்கள், நான் வாங்கிற பக்கத்தில இருந்து கொஞ்சம் சொல்லுறன்.

பேங்க் ஸ்டேட்மென்ட் ஃபைலுகளை வாசிச்சு ஒழுங்கான அட்டவணையா மாத்திற ஒரு சின்ன லைப்ரரி என்ர பொறுப்பில இருக்கு. 2018-ல என்ர தேவைக்கெண்டு எழுதினது, பேந்து கனபேர் பாவிக்கத் தொடங்கிட்டினம். இப்ப ஆறு பேர் மாசாமாசம் ஸ்பான்சர் பண்ணுகினம், எல்லாம் சேத்து 40 டாலர் அளவில. அதில சேர்வர் காசும் டெஸ்ட் பண்ணுற செலவும் போகும், மிச்சம் பெரிசா ஒண்டுமில்லை. ஆனா அந்த ஆறு பேரிட பேரும் எனக்குப் பாடம். அதில ஒருத்தர் மாசம் 3 டாலர் தாறவர், முதல் தரம் அனுப்பேக்க ரெண்டு வரி எழுதினவர், தன்ர கடைக் கணக்கை இதால தான் முடிக்கிறன் எண்டு. நான் அண்டைக்கு வேலையால களைச்சு வந்து இருந்தனான், அதை வாசிச்சிட்டு இரவிரவா இருந்து ரெண்டு நிரல் பிழை சரிபண்ணினன்.

மற்றப் பக்கமும் இருக்கு. ஒரு பெரிய கம்பனியில இருந்து ஒருத்தர் சனிக்கிழமை இரவு எழுதுறார், உங்கட லைப்ரரியால எங்கட வேலை நிண்டுட்டுது, நாளைக்குள்ள சரிபண்ணவேணும் எண்டு. அவை ஒரு சதமும் தந்ததில்லை, நான் அவையிட வேலைக்காரனும் இல்லை. சரிபண்ணிக் குடுத்தனான், ஒரு நன்றியும் வரேல்லை. அப்பிடி ரெண்டு மூண்டு தரம் நடந்தாப் பிறகு, லைப்ரரியை மூடிப்போட்டுப் போவமோ எண்டு யோசிச்ச நாளும் இருக்கு.

2024 மார்ச்சில எக்ஸ்ஸெட் கதை வெளிய வந்தபோது எனக்கு நித்திரையே வரேல்லை. லினக்ஸ் சிஸ்டம் எல்லாத்திலயும் இருக்கிற, ஃபைலுகளைச் சுருக்கிற கருவி அது, கன வருஷமா லாஸ்ஸே கொலின் எண்ட ஒரு மனுசன் தான் தனிய வச்சுப் பாத்தவர், சம்பளம் இல்லாமல். 2022-ல அவருக்கு மெயில் மேல மெயில், ஏன் மெதுவா இருக்கிறீங்கள், வேற ஆளிட்டக் குடுங்கோ எண்டு. தனக்கு மனநலப் பிரச்சனை இருக்கு, இது சம்பளம் இல்லாத பொழுதுபோக்கு வேலை எண்டு அவர் எழுதினவர். அந்த நேரத்தில தான் ஜியா டான் எண்ட பேரில ஒருத்தர் உதவி செய்யிறன் எண்டு வந்து, ரெண்டு வருஷத்துக்கு மேல நல்ல பிள்ளையா வேலை செய்து நம்பிக்கையை வாங்கி, 5.6.0, 5.6.1 பதிப்பில கள்ளக் கதவு வச்சது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயுண்ட் எண்ட எஞ்சினியர் தன்ர மெசினில லொகின் அரைச் செக்கன் பிந்துது எண்டு கவனிச்சிருக்காட்டி அது உலகம் முழுக்கப் பரவியிருக்கும். காசு குடுத்திருந்தா இது நடந்திராது எண்டு நான் சொல்லேல்லை. ஆனா அந்த மனுசனுக்குப் பக்கத்தில நாலு நல்ல மனுசர் நிண்டிருந்தா, அந்தக் கள்ளனுக்கு அந்த இடம் காலியா இருந்திராது.

அதால கதிர் தம்பியோட ஒரு இடத்தில எனக்கு ஒத்துவராது. வருஷத்துக்கு ஒருக்கா மொத்தமா எண்டது பெரிய பவுண்டேசனுக்குச் சரி, அவைக்கு ஆள் இருக்கு, கணக்கு இருக்கு. எங்களை மாதிரித் தனி ஆளுக்கு மாசாமாசம் வாறது தான் பெறுமதி, சின்னத் தொகை எண்டாலும். டிசம்பரில 36 டாலர் வந்தா அது சந்தோசம். மாசம் 3 டாலர் வந்தா, அடுத்த மாசமும் ஒருத்தர் இருக்கிறார் எண்டு தெரியும், அதை நம்பி சேர்வருக்குக் கட்டலாம். நீங்களே சொன்ன மாதிரி கிட்ஹப் வழியாத் தந்தா கழிவும் இல்லைத்தானே. நிப்பாட்டப் போறீங்கள் எண்டா நிப்பாட்டுங்கோ, ஒருத்தரும் கோவிக்க மாட்டினம், ஆனா ஒரு வரி எழுதிப்போட்டு நிப்பாட்டுங்கோ. சத்தமில்லாமல் நிண்டா, நான் ஏதோ பிழை விட்டிட்டன் எண்டு தான் மனம் நினைக்கும்.

லெனேஷியா_குழு:

யாழ் சகோதரர் சொன்னது மனச தொட்டுடுச்சு. நாங்க அஞ்சு பேரு செய்ற வழிய சுருக்கமா சொல்றேன்.

இங்க ஸ்டாக்வெல் தெரியும்ல, எங்க ஆபீஸ்ல சோவெட்டோ அக்காமாருங்க வச்சிருக்காங்க, மாசம் ஆளுக்கு இவ்வளவுன்னு போட்டு முறை வச்சு எடுக்குறது, நம்ம ஊரு சீட்டு மாதிரி. அதப் பாத்து நாங்க ஒண்ணு ஆரம்பிச்சோம், மாசம் ஆளுக்கு 100 ராண்ட், யாரும் வீட்டுக்கு எடுக்குறதில்ல. தீபாவளிக்கு மொத சனிக்கிழமை ஒருத்தர் வீட்ல கூடி சாப்பாடு, ஒவ்வொருத்தரும் ஒரு ப்ராஜெக்ட் பேரு சொல்லணும், ஏன்னு சொல்லணும், போன வருஷம் நாம குடுத்தது என்னாச்சுன்னும் பாத்துட்டு வரணும், அப்புறம் ரெண்டு மூணு தேர்ந்தெடுத்து ஒரே கார்டுல அனுப்பிடுவோம். 6000 ராண்ட் சேந்து ஒரே இடத்துக்குப் போனா அதுக்கு ஒரு கனம் இருக்கு, கட்டணமும் கொறச்சல். காசவிட அந்த சாப்பாட்டுப் பேச்சுல தான் நாங்க நெறைய கத்துக்கிட்டோம். எங்கள்ல ஒருத்தர், எல்லாரும் சேந்து போடுற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்குற வரைபடம் பத்தி சொல்லித்தான் நாங்க எங்க ஏரியாவுல விட்டுப்போன தெருப் பேரெல்லாம் போட ஆரம்பிச்சோம்.

மிட்ராண்ட் அண்ணன், பக்கம்தான், ஒரு தடவ வாங்க.

கணக்குப்பிள்ளை_மிட்ராண்ட்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரு வாரமா திரும்பத் திரும்ப படிச்சேன், வீட்டுக்காரம்மாவும் படிச்சாங்க, டீச்சர் எழுதின கொம்பு விஷயத்த பையனுக்கும் படிச்சுக் காட்டினாங்க, அவன் இப்ப எந்த பக்கம் திறந்தாலும் "கொ" எங்க இருக்குன்னு தேடுறான்.

முடிவ சொல்றேன். பவுண்டேஷன்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ, தனி ஆளுங்களுக்கு மாசாமாசம், ரெண்டு பேரு சொன்னதும் சரின்னு படுது. லிபர் ஆபீஸுக்கு 1500, ஏன்னா என் சோறே அதுலதான். டெபியனுக்கு 1000, அந்த பழைய சிடிக்காக. மின்டுக்கு 700. மின்ட்காரங்க மாசாமாசம் போடுற செய்தியில யாரு எவ்வளவு குடுத்தாங்கன்னு பேரோட போடுறாங்க, அசல் மொய் நோட்டு மாதிரியே இருக்கு, அதுல ஒரு தடவ என் பேரு வரணும்னு ஆசை, அத மறைக்கல. கீபாஸ்எக்ஸ்சிக்கு 400. மீதி 2400-அ பன்னெண்டு மாசத்துக்கு மாசம் 200-ன்னு பிரிச்சு, என் வேலைக்கு அடியில நிக்கிற மூணு சின்ன லைப்ரரிக்கு. பேங்க் ஸ்டேட்மென்ட் வாசிக்கிறது ஒண்ணு நானும் தினம் பயன்படுத்துறேன், அது உங்களோடதான்னு தெரியல தம்பி, உள்பெட்டியில பேரு கேட்டிருக்கேன்.

டீச்சர், எனக்கு இந்திய பாஸ்போர்ட் தான், அதனால தமிழ்நாட்டு அமைப்புக்கு என் தம்பி மூலமா இல்லாம நானே நேரா என் அக்கவுண்ட்லருந்து அனுப்பலாம்னு நீங்க சொன்னதுக்கு அப்புறம் தான் புரிஞ்சுது. அது இந்த 6000-ல சேராது, பொங்கலுக்குத் தனியா.

செல்வி சொன்னத ரெண்டு கஸ்டமர்கிட்ட பேசினேன். ஒருத்தர் ஹார்டுவேர் கடைக்காரர், அவரு கடை வெப்சைட் வேர்ட்பிரஸ்ல ஓடுதுன்னே அவருக்குத் தெரியாது. அது இலவசம்னு நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, அப்ப அத செஞ்சவங்க எப்படி சாப்பிடுறாங்கன்னு கேட்டார். பில் மாதிரி ஏதாவது வந்தா கட்டுறேன்னு சொல்லிருக்கார், அது எப்படி வாங்குறதுன்னு பாத்துட்டு இருக்கேன்.

மொத பணம் நேத்து ராத்திரி அனுப்பினேன். வெளிநாட்டு சைட்னு பேங்க் ஒரு தடவ தடுத்துச்சு, ஆப்ல ஓகே குடுத்த பொறவு போச்சு. பெர்லின்லருந்து ரசீது வந்திருக்கு, அம்மாகிட்ட வாட்ஸ்அப்ல காட்டினேன், நோட்டுல எழுதி வையிடான்னாங்க, எழுதியாச்சு.